பைபாஸ் ஆயில் ஃபில்டர்: சூட்சுமம் அந்தச் சின்னத் துளையில்

டீசல் என்ஜின் ஆயில் ஏன் சீக்கிரம் கறுக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைபாஸ் ஃபில்டர் (ஆயிலில் ஒரு பங்கை மட்டும் பிரித்து மெதுவாக வடிகட்டும் தனி ஃபில்டர்) பற்றியே கேட்கின்றன, அதுவும் பிக்கப் வைத்திருப்பவர்களிடமிருந்து. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது டீசல் பிக்கப். முக்கால்வாசி ஓட்டம் மண் ரோட்டில், எப்போதும் பாரம் இருக்கும். என்ஜினை இதுவரை பிரித்ததில்லை. பைபாஸ் ஆயில் ஃபில்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்தினால் தேய்மானம் குறையும் என்கிறார்கள். கம்பெனி கொடுத்த ஃபில்டர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அது வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது தம்பி. ஆனால் அதனால் ஓரளவுக்கு மேல் சுத்தம் செய்ய முடியாது. பம்ப் தள்ளுகிற ஆயில் மொத்தமும் அந்த ஒரு ஃபில்டர் வழியாகத்தான் பியரிங்குகளுக்குப் போயாக வேண்டும். வண்டி வேகமெடுக்கும்போது அது நிமிடத்துக்குப் பல பத்து லிட்டர். காகிதத்தின் கண் ரொம்ப நெருக்கமாக இருந்தால், குளிரில் கெட்டியாகக் கிடக்கும் ஆயில் அதைத் தாண்டிப் போகாது, பியரிங் காய்ந்துவிடும். அதனால் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக வைத்தே செய்கிறார்கள். பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலும் அதற்கு மேலும் உள்ள துகள்களைத்தான் அது உருப்படியாகப் பிடிக்கும். அதுவும் அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே விட்டுவிடும். அழுக்கு ஆயில் ஓடினாலும் பரவாயில்லை, ஆயிலே போகாமல் இருக்கக் கூடாது என்பது அந்த அமைப்பின் கணக்கு. சரியான கணக்குதான்.

ஆனால் தேய்மானம் நடக்கிற இடம் வேறு. பாரம் ஏறும்போது கிராங்குக்கும் பியரிங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு மெல்லியது என்று தெரியும். 40 மைக்ரான் துகள் பாரம் தாங்குகிற இடத்துக்குள் எளிதில் நுழையாது. 5, 10, 15 மைக்ரான் துகள்தான் சரியாக உள்ளே புகுந்து இரண்டு பக்கத்தையும் உரசும். கம்பெனி ஃபில்டர் கைவிடுவது இந்த அளவுத் துகள்களைத்தான்.

பைபாஸ் ஃபில்டர் அந்த இடத்தில் உதவுகிறது. பம்ப் தள்ளும் ஆயிலில் 5 முதல் 10 சதவீதத்தை மட்டும் ஒரு சின்னத் துளை வழியாகப் பிரித்து எடுக்கிறோம். அது மெதுவாக, நெருக்கமான ஒரு வடிகட்டிக்குள் ஊறிப்போய், பிரஷர் எதுவும் இல்லாமல் சம்புக்கு, அதாவது என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிக்கு, திரும்பி விழுகிறது. பியரிங் இந்த ஆயிலுக்காகக் காத்திருக்கவில்லை என்பதால் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வடிகட்டலாம். நல்ல ஃபில்டர்கள் இரண்டு மூன்று மைக்ரான் வரை இறங்கிப் பிடிக்கும்.

சின்ன அளவுதானே என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் போனாலே, ஏழு லிட்டர் ஆயில் கொள்ளும் என்ஜினில் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சம்ப் அளவு ஃபில்டரைக் கடந்துவிடும். போனதே திரும்பப் போவதும் உண்டு, அதனால் அந்த ஒரு சுற்றில் சுத்தமாவது ஏறத்தாழ 63 சதவீதம். ஆனால் ஒரு மணி நேர ஓட்டத்தில் எத்தனை சுற்று ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது புதுச் சரக்கு அல்ல. 1923இல் ஸ்வீட்லாண்ட் என்பவர் அமெரிக்காவில் கொண்டுவந்த பியூரோலேட்டர் முதல், பழைய கார்களின் ஆயில் ஃபில்டர் ரொம்ப காலம் இந்த வகையாகத்தான் இருந்தது. ஆயில் முழுவதும் கடந்து போகும் ஃபில்டர் பிறகுதான் பரவியது. பெரிய டீசல் லாரிகளில் இன்றும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. லேண்ட் ரோவரின் டிடி5 டீசல் என்ஜினில் சுழல் முறையில் கசடைப் பிரிக்கும் பைபாஸ் ஃபில்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் வெளியிட்ட சோதனை ஒன்றை இந்த ஃபில்டர் விற்பவர்கள் எல்லோரும் காட்டுவார்கள். 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரானில் தேய்மானம் பாதியாகவும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்தது என்பது அதன் முடிவு. சோதனை உண்மைதான். ஆனால் சீக்கிரம் முடிவு தெரிய வேண்டும் என்று ஆயிலில் தூசியைக் கலந்து செய்த சோதனை அது. உங்கள் வண்டியில் அதே சதவீதம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு மண் ரோடு ஓட்டம் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயிலுக்குள் வரும் மண் பெரும்பாலும் காற்று வழியாகத்தான் வருகிறது. முதலில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் பைபாஸ் ஃபில்டர் வாங்குகிற பணத்தை முதலில் அங்கே செலவு செய்யுங்கள். உடைந்த கிளிப், தளர்ந்த கிளாம்ப், சரியாக உட்காராத ஓரம், இவைதான் வழக்கமாக இருக்கும்.

கேள்வி: ஃபில்டர் செட் வாங்கிவிட்டேன். ஆயிலை எங்கிருந்து எடுப்பது, எங்கே திருப்பி விடுவது? ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு பித்தளை டி (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

இடம் சரி. நேரே அங்கேயே பித்தளை டி-யை முறுக்குவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிரஷர் ஸ்விட்ச் வாய் என்பது பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல மரை. அதில் பித்தளை டி ஒன்றை முறுக்கி, அதன் ஒரு முனையில் கனமான பிரஷர் சென்சாரையும் மறுமுனையில் ஹோஸையும் மாட்டினால் என்ன ஆகும்? டீசல் என்ஜின் அதிரும். அந்தக் கனம் முழுவதும் பிளாக்குக்குள் போகும் கடைசி மரையின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். மரையின் அடியில் பித்தளை மெலிந்திருக்கும், விரிசல் அங்கேதான் விழும். அப்படி ஒடிந்து என் பட்டறைக்கு வந்தவற்றை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒடிந்த முகத்தில் முக்கால் பாகம் ஆயில் ஊறிக் கறுத்திருக்கும், கால் பாகம் மட்டும் புதுசாகப் பளபளக்கும். ரொம்ப நாளாகவே விரிசல் விட்டுக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு நாள் ஓட்டத்தில் ஒடிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மரை பிளாக்கில் தங்கிவிடும், ஆயில் மொத்தமும் ரோட்டில் போய்விடும்.

அதனால் பிளாக்கில் சின்ன எஃகு நிப்பிள் ஒன்றை மட்டும் போட்டு, அதிலிருந்து ஒரு சாண் ஹோஸ் எடுத்து, டி-யை பாடியில் ஒரு தகட்டில் போல்ட் செய்யச் சொல்லுங்கள். சென்சாரும் அங்கே போகட்டும். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால் அது தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. பாடியில் மாட்டிய தகட்டுக்கு ஒரு எர்த் வயரும் கொடுத்தால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். இதைக் கவனிக்காமல் சென்சார் போய்விட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

மரை விஷயத்திலும் ஜாக்கிரதை. ஜப்பானிய என்ஜினில் எட்டில் ஒரு அங்குல வாய் பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க என்ஜினில் 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் இரண்டு சுற்று லகுவாகப் போய், அப்புறம் சட்டென்று இறுகினால் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் உள்ளே போகும்தான், ஆனால் பிளாக்கின் மரை போய்விடும். அலுமினியமாக இருந்தால் வாயே பிளந்துவிடும். டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். அதன் இழை பிய்ந்து ஆயிலோடு போனால் முதலில் அடைப்பது நம் சின்னத் துளையைத்தான். மரைக்குப் பூசும் திரவ சீலன்ட் போதும், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காரும் அடாப்டர் தகடும் கிடைக்கிறது. இடம் இருந்தால் நல்ல வழி. நடு மரை உங்கள் ஃபில்டரின் மரையோடு அச்சாகப் பொருந்த வேண்டும். 20 மி.மீ. மரையையும் முக்கால் அங்குல மரையையும் மாற்றி வாங்கிவிடுவது சகஜம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே தகட்டின் வளையமும் உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் பிதுங்கி ஆயில் கொட்டும்.

திரும்பும் ஆயிலுக்கு ஒரே விதிதான். அது பிரஷர் இல்லாத இடத்தில், தடையில்லாமல் விழ வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியில் ஒரு ஃபிட்டிங் பொருத்தலாம், ஆயில் ஊற்றும்போது ஹோஸ் முறுகாத மாதிரி சுழலும் வகையாக வாங்குங்கள். சம்பின் மேல்பக்கத்தில் காலி மரை இருந்தால் அதுவே உத்தமம். டிரெயின் போல்ட்டைத் துளைத்துத் திருப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல் அடிக்கிற ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. ராக்கர் கவரில் விட்டால் என்ஜின் மூச்சு விடும் குழாய்க்குத் தள்ளி விடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் புகையோடு சேர்ந்து டர்போ பக்கம் போகும்.

ஃபில்டரை என்ஜினில் மாட்டாமல் பாடியிலோ சேசிஸிலோ மாட்டுங்கள். வாய் மேல் பார்த்து இருந்தால் கழற்றும்போது சிந்தாது.

கேள்வி: ஆயிலில் ஒரு பங்கை வேறு பக்கம் திருப்பினால் ஆயில் பிரஷர் குறையாதா? சூடான பிறகு ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) எனக்கு ஏற்கெனவே மீட்டர் கீழே நிற்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. சரியான துளை இருந்தால் குறைவது கண்ணுக்குத் தெரியாது. துளை இல்லாமல் ஹோஸை அப்படியே இணைத்தால் ஐடிலில் பிரஷர் விழுந்துவிடும். இந்த வேலை முழுவதிலும் என்ஜினைக் காப்பதும் கொல்வதும் அந்தத் துளைதான். ஃபில்டரின் பெயரைப் பற்றி எத்தனையோ பேர் கேட்கிறார்கள். துளை எவ்வளவு, எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு மனசு நிறையும்.

வழக்கமான அளவு சுமார் ஒன்றரை மி.மீ. சில ஃபில்டர்களில் இது தலைப்பகுதிக்குள்ளேயே, ஆயில் வெளியேறும் பக்கத்தில் இருக்கும். ஃபில்டர் வேலை செய்ய அது போதும். ஆனால் பிளாக்கிலிருந்து ஃபில்டர் வரை வருகிற ஹோஸில் அப்போது என்ஜினின் முழுப் பிரஷரும், தடையில்லாத ஓட்டமும் இருக்கும். அந்த ஹோஸ் சைலன்சர் பைப்பில் பட்டு வெந்து வெடித்தால் என்ன நடக்கும்? ஆறு மி.மீ. வாய் வழியாக, மூன்றரை பார் பிரஷரில், சூடான ஆயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் போல வெளியேறப் பார்க்கும். சம்ப் காலியாக கால் நிமிடம் போதும். பிளாக்கின் வாயிலேயே ஒன்றரை மி.மீ. துளை இருந்திருந்தால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் சொச்சம்தான் போகும். மூன்று நிமிடம் கிடைக்கும், அதுவரை பியரிங்குக்குப் பிரஷரும் இருக்கும். ஆயில் வாடை, புகை, கண்ணாடியில் வழிசல் என்று ஏதாவது ஒன்று தெரிந்து நீங்கள் ஓரம் கட்டிவிடலாம்.

அதனால் துளை என்ஜின் முனையில்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. செட்டோடு வந்த துளை ஃபில்டரின் தலையில் இருந்தால், இரண்டையும் வைக்கலாமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இரண்டு துளை வரிசையாக இருந்தால் ஓட்டம் குறையும், ஒன்றை அதற்குத் தகுந்தபடி பெரிதாக்க வேண்டியிருக்கும்.

ஹோஸ் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். டீசல் போகிற ரப்பர் ஹோஸும் முறுக்கும் கிளிப்பும் இங்கே ஆகாது. சூடான என்ஜின் ஆயிலில் அந்த ரப்பர் நாளடைவில் கெட்டுவிடும். பின்னல் போட்ட ஹைட்ராலிக் ஹோஸ் எடுத்து முனைகளை மெஷினில் அழுத்தி வாங்குங்கள். ஃபிட்டிங் முகத்தின் சரிவு 37 டிகிரி என்றால் எதிர் முகமும் 37ஆகவே இருக்க வேண்டும். 45 டிகிரியோடு சேர்த்தால் இறுகியது போல் தெரியும், ஆனால் கசியும். பாரத்தில் கியர் போடும்போது என்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று போனட்டைத் திறந்துவைத்து ஒருவரை லேசாகக் கிளட்ச் விடச் சொல்லிப் பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அந்தச் சாய்வுக்கு வேண்டிய தளர்ச்சி ஹோஸில் இருக்க வேண்டும். தகட்டைக் கடக்கும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள்.

உங்கள் மீட்டர் ஏற்கெனவே கீழே நிற்கிறது என்கிறீர்களே, முதலில் தனி மீட்டர் போட்டு உண்மையான பிரஷரை அளந்து பாருங்கள். பியரிங் தேய்ந்த என்ஜின் என்றால் பைபாஸ் ஃபில்டர் அதைச் சரி செய்யாது.

கேள்வி: ஐயா, இது போட்டால் ஆயிலே மாற்ற வேண்டாமாமே?

அப்படிச் சொல்பவர் வார்த்தையை நம்பாதீர்கள். ஃபில்டர் துகளைப் பிடிக்கும். ஆயிலில் கரைந்துபோன டீசலைப் பிடிக்காது, அமிலத்தைப் பிடிக்காது, தீர்ந்துபோன சேர்மானத்தைத் திரும்பக் கொடுக்காது. புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய டீசல் பிக்கப்களில், அந்த வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்யும் நேரத்தில் கொஞ்சம் டீசல் சம்புக்குள் இறங்குவது உண்டு. ஆயில் தண்ணியாகிவிடும். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணியான ஆயில் பியரிங்கைத் தாங்காது. ஒரு மைக்ரானுக்கும் சின்ன கரித்துகள் பெரும்பகுதி இந்த ஃபில்டரையும் தாண்டிவிடும். அதனால் ஆயில் கறுப்பாகவேதான் இருக்கும், நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மாற்றும் இடைவெளியை நீட்ட ஆசை இருந்தால் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு, வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் பிடித்த ஆயிலைக் கொடுங்கள். அறிக்கையில் சிலிக்கான் ஏறியிருந்தால் மண், அதாவது காற்று வழி. இரும்பும் செம்பும் ஏறினால் தேய்மானம். சோடியம், பொட்டாசியம் வந்தால் கூலன்ட் கசிவைச் சந்தேகியுங்கள். பிசுபிசுப்பு குறைந்தால் டீசல் கலப்பு. டிபிஎன் என்ற எண் அமிலத்தைத் தாங்க ஆயிலில் மிச்சமிருக்கும் பலம், அது புது ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே போனால் மாற்றிவிடுவது என் வழக்கம். பைபாஸ் ஃபில்டர் போடுவதற்கு முன்னால் ஒரு அறிக்கை, போட்ட பிறகு அதே ஓட்டத்தில் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இடைவெளியைக் கூட்டாதீர்கள். வாரன்டி உள்ள வண்டி என்றால் கம்பெனி சொன்ன கணக்கை அப்படியே பின்பற்றுங்கள்.

கேள்வி: டாய்லெட் பேப்பர் சுருளையே ஃபில்டராக வைப்பார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. ஃபிரான்ட்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற பைபாஸ் ஃபில்டர் அப்படிப்பட்டதுதான், நன்றாகவே வடிகட்டும். ஆனால் சுருளின் இறுக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தண்ணீர் பட்டால் இளகவும் செய்யும். நான் போட மாட்டேன்.

கேள்வி: அண்ணா, நான் ஓட்டுவது பெட்ரோல் பிக்கப். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, சந்தைக்குப் போவது, அவ்வளவுதான். நானும் போடலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த நெருக்கமான வடிகட்டிக்குள் ஓட்டமே வரும். குறைந்த தூர ஓட்டத்தில் அது சூடாவதற்குள் நீங்கள் வீடு வந்துவிடுவீர்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றுங்கள், உங்கள் வண்டிக்கு அது போதும்.

கேள்வி: பொருத்தி முடித்தாயிற்று, கசிவு இல்லை. ஆனால் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபில்டர் டப்பா சில்லென்று இருக்கிறது.

அரை மணி ஓடின பிறகும் சில்லென்று இருந்தால் ஆயில் போகவில்லை. சூடாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். புது ஃபில்டரும் ஹோஸும் சேர்ந்து ஒரு லிட்டருக்கு மேலேயே குடிக்கும். ஃபில்டரை நிரப்பி மாட்டி, டீசலை நிறுத்திவைத்துப் பிரஷர் வரும்வரை செல்ஃப் அடித்து, அப்புறம் ஸ்டார்ட் செய்து, அணைத்து, டிப் ஸ்டிக் பார்த்து ஊற்றியிருக்க வேண்டும். அதைச் செய்தாகிவிட்டது என்றால் ஹோஸ் இரண்டும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். ஃபில்டரின் தலையில் உள்ளே, வெளியே என்று அம்புக்குறி இருக்கும். அதுவும் சரி என்றால் துளை உள்ள ஃபிட்டிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், டேப் இழையோ துரப்பணத் தூளோ அடைத்திருக்கலாம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, திரும்பும் ஹோஸைக் கழற்றி அளவு போட்ட கேன் ஒன்றுக்குள் விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஆயில் தோலை உரித்துவிடும். மூடியில் ஹோஸ் கழன்ற வாயை ஒரு பிளக்கால் அடைத்துவிட்டு, ஐடிலில் ஒரே ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். வந்த ஆயிலை அளந்து ஃபில்டரோடு வந்த தாளில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள், அளந்ததைத் திரும்ப என்ஜினிலேயே ஊற்றிவிடுங்கள். தொடர்ச்சியாக விழாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. நன்றாக வந்தால் அந்த அளவை மார்க்கர் பேனாவால் டப்பாவின் மேலேயே தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே சூட்டில், அதே ஐடிலில் அளக்கும்போது பாதியாகக் குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் வடிகட்டியை மாற்றிவிடுங்கள்.